ஐந்தாம் கார்டு

ஷாரோன் மாட்டேன் என்று சொன்னது முதல் தடவை ஜெயகிருஷ்ணன் காதில் விழவில்லை. அந்த அறையில் ஏசி இரைச்சலும் மெஷினின் விசிறி இரைச்சலும் சேர்ந்து, பேசுகிறவர் வாயைப் பார்த்துத்தான் பாதிப் பேச்சைப் புரிந்துகொள்ள வேண்டும். அவர் தலையை ஆட்டிவிட்டு, சொன்ன வேலை முடிந்துவிட்ட மாதிரி கதவுப் பக்கம் திரும்பினார்.

"சார், மாட்டேன்னு சொன்னேன்."

இந்தத் தடவை விழுந்தது. கைப்பிடியில் வைத்த கையை எடுக்காமலே திரும்பிப் பார்த்தார்.

ஜெயகிருஷ்ணன் செங்கல்பட்டில் கேபிள் கம்பெனி நடத்துபவர். மொட்டை மாடியில் டிஷ் ஆன்டெனா வைத்து நாலு தெருவுக்குப் படம் காட்டிய காலத்தில் ஆரம்பித்தார். இப்போது டிவியோடு இன்டர்நெட்டும் சேர்ந்து, கொளவாய் ஏரிப் பக்கத்தில் இருக்கும் அந்தக் கட்டடத்திலிருந்து கிளம்பி, திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் கடற்கரை வரைக்கும் அவர் கேபிள் போகிறது. ஷாரோன் அங்கே மெஷின் ரூமுக்குப் பொறுப்பு. இன்ஜினியரிங் முடித்த கையோடு வந்து சேர்ந்தவள். கம்பெனியில் அவளுக்கு மேலே இருந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் முதலாளி. இன்னொருவர் சீனியர் இன்ஜினியர் வெங்கடராகவன்.

அறையின் நடுவில் ஆளுயர இரும்புச் சட்டத்தில் மாட்டியிருந்தது, ஊருக்கெல்லாம் லைன் அனுப்பும் அந்த மெஷின். அலமாரியில் புத்தகங்களை நிறுத்தி வைத்த மாதிரி அதில் வரிசையாகக் கார்டுகள். ஒரு கார்டு செங்கல்பட்டுக் கடைவீதிக்கு, ஒரு கார்டு திருக்கழுக்குன்றத்துக்கு, ஒரு கார்டு கடற்கரை ரிசார்ட்டுகளுக்கு என்று ஆளுக்கொரு பகுதி. கடைசிக் கார்டு மட்டும் யாருக்கும் சொந்தமில்லை. மற்றதில் எது செத்தாலும் அதன் வேலையை இது உடனே எடுத்துக்கொள்ளும். வீட்டில் படம் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு ஒரு தரம் கண் சிமிட்டிய மாதிரி இருக்கும், அவ்வளவுதான். லைன்மேன்கள் அதற்கு வைத்த பெயர் ஸ்டெப்னி.

இப்போது ஜெயகிருஷ்ணன் அந்த ஸ்டெப்னியைத்தான் கேட்டார். கடற்கரையில் ஒரு பெரிய ரிசார்ட் புதிதாக வில்லாக்கள் கட்டியிருந்தது. அடுத்த வாரம் அங்கே மூன்று நாள் மாநாடு, வெளிநாட்டிலிருந்தெல்லாம் வீடியோவில் பேசப்போகிறார்கள். ஏற்கெனவே இருக்கும் கார்டு நிரம்பி வழிந்தது. ஸ்டெப்னியையும் அவர்களுக்கே வேலையில் இறக்கிவிடு என்றார். அதுவரைக்கும் ஷாரோன் முணுமுணுத்துக்கொண்டு கேட்டிருப்பாள். அடுத்து அவர் சொன்னதுதான் அவளுக்கு ஆகவில்லை.

"ரிசார்ட் கார்டு ரெண்டுல எது செத்தாலும், அஞ்சாவது கார்டு அதோட ஏரியாவை விட்டுட்டு ரிசார்ட்டுக்குப் போயிடணும். அப்படி ஒரு கமாண்ட் எழுதிடு."

"அஞ்சாவது கார்டுல இருக்கறவங்க?"

"புதுக் கார்டு வர்ற வரைக்கும் கொஞ்சம் பொறுத்துக்கட்டும்."

"ஏன் சார் அஞ்சு?"

ஜெயகிருஷ்ணன் மறைக்கவில்லை. "கம்ப்ளெய்ன்ட் ரொம்பக் கம்மியா வர்ற ஏரியா அதுதான். நான் ரிப்போர்ட் பாத்துட்டுதான் சொல்றேன்."

"கம்ப்ளெய்ன்ட் பண்ணாதவங்க மேலதான் கை வெப்பீங்களா சார்?"

அதற்கப்புறம்தான் அந்த 'மாட்டேன்'.

ஐந்தாம் கார்டில் இருந்தது அந்தோணியார் நகரும் அதைச் சுற்றிய தெருக்களும். ஷாரோன் பிறந்து வளர்ந்து இன்னும் குடியிருக்கும் இடம். அவள் அப்பா ஏசுபாதம் மதுராந்தகம் ஏரிப் பாசனத்தில் ஊரார் நிலத்தில் நாற்று நட்டவர். அந்தத் தலைமுறையோடு அது முடிந்தது. இப்போது அந்தத் தெருவில் நர்ஸ் இருக்கிறாள், ஆட்டோக்காரர் இருக்கிறார், ஒரகடம் கம்பெனிக்கு ஷிப்ட் போகிறவர்கள் இருக்கிறார்கள். வீட்டிலிருந்தே வேலை செய்யும் பெண்கள்தான் அதிகம். அமெரிக்காவில் யாருக்கோ குடலிறக்க ஆபரேஷன் நடந்தால், இன்ஷூரன்சுக்காக அதற்கு எந்த எண் போட வேண்டும் என்று அந்தோணியார் நகர் மாடியறையில் உட்கார்ந்துகொண்டு எதிர்வீட்டு வைஷாலி முடிவு செய்வாள். லைன் போனால் அன்றைய வேலை போச்சு. அவர்கள் கம்ப்ளெய்ன்ட் செய்யாததற்குக் காரணம் லைன் நன்றாக இருந்தது அல்ல. கோளாறு என்றால் ஷாரோன் வீட்டுக் கதவைத் தட்டுவார்கள். அவள் கம்பெனிக் கணக்கில் எதையும் பதியாமல் தானே சரிசெய்துவிடுவாள். நல்லது செய்ததாக இத்தனை வருஷம் நினைத்திருந்தாள். அது ரிப்போர்ட்டில் இப்படி வந்து நிற்கும் என்று யார் கண்டது?

"நீ எழுதலேன்னா ராகவன் எழுதுவார்" என்றார் ஜெயகிருஷ்ணன்.

வெங்கடராகவன் எழுதினார். திருக்கழுக்குன்றத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவர், யாரிடமும் குரலை உயர்த்தாதவர், யாருக்கும் இல்லை என்று சொல்லாதவர். ஷாரோன் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். நின்றுகொண்டிருந்த ஒருத்தியைத் தள்ளிவிட்டு விழுந்தவனைத் தூக்கி நிறுத்து என்று அந்த மெஷினுக்குச் சொல்லிக்கொடுக்க அவருக்குச் சில வரிகளே போதுமானதாக இருந்தன.

"ஏன் சார் எழுதினீங்க?"

"கம்பெனி அவரோடதும்மா. நான் எழுதலேன்னா வேற யாராவது வந்து எழுதப்போறா." அவர் அவள் முகத்தைப் பார்க்காமல் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

மாநாட்டின் முதல் நாள் காலையிலேயே அது நடந்தது. ரிசார்ட்டின் பழைய கார்டு ஒரு வாரமாகவே சூடேறிக்கொண்டிருந்தது. வெளிநாட்டு வீடியோவும் விருந்தாளிகளின் போன்களும் சேர்ந்து ஏறியதும் அது படுத்துவிட்டது. மெஷினில் சிவப்பு விளக்கு எரிந்தது, அலாரம் கத்தியது. எழுதி வைத்தபடியே மெஷின் நடந்துகொண்டது. ஐந்தாம் கார்டின் விளக்குகள் ஒரு தரம் அணைந்து மறுபடி எரிந்தன. இப்போது அது ரிசார்ட்டுக்கு வேலை பார்த்தது. ஷாரோனின் திரையில் அந்தோணியார் நகர் மோடங்கள் தெருத் தெருவாகப் பச்சையிலிருந்து சிவப்புக்கு மாறின. கோயில் தெரு, தண்ணீர் டேங்க் தெரு, அப்புறம் அவளுடைய தெரு. அவள் வீட்டு மோடமும் சிவந்தது.

ஜெயகிருஷ்ணன் கையில் போனோடு உள்ளே வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. "ரிசார்ட்ல ஒருத்தருக்கும் ஒண்ணும் தெரியலை. படம் அசையவே இல்லையாம்! பாத்தியா ஷாரோன்?"

"பாத்தேன் சார். புதுக் கார்டு எப்ப வரும்?"

"சென்னையில ஸ்டாக் இல்லையாம். மாநாடு முடியறதுக்குள்ள வந்துடும்." போகிற போக்கில், "கவுண்ட்டர்ல கோதைகிட்ட சொல்லிட்டேன். யார் கேட்டாலும் ரோடு வேலையில ஃபைபர் கட்டுன்னு சொல்லணும்" என்றார்.

ஷாரோன் மாடியிறங்கி கவுண்ட்டருக்குப் போனாள். இரண்டு போனும் ஓயாமல் அடித்துக்கொண்டிருந்தன. கோதை ஒன்றை எடுத்து, "திருக்கழுக்குன்றம் ரோட்டுல பள்ளம் தோண்டும்போது ஃபைபர் கட் ஆயிடுச்சுங்க, ஆளுங்க போயிருக்காங்க" என்று சொல்லிவிட்டு வைத்தாள். நல்ல பெண். பொய் சொல்லும்போது காது மடல் சிவந்துவிடும். அன்றைக்கு நன்றாகச் சிவந்திருந்தது.

அடுத்து அடித்த போனை ஷாரோன் எடுத்தாள்.

"ஹலோ, அந்தோணியார் நகர்லேருந்து வைஷாலி பேசறேன். நாளைக்குக் காலைல எனக்கு வேலைக்கான ஆன்லைன் பரீட்சை. கேமரா போட்டு வெச்சிகினு எழுதணும். நடுவுல லைன் கட்டானா அவ்ளோதான், வெளிய அனுப்பிடுவாங்க. எப்ப சரியாவும்?"

"வைஷு, நான்தான்."

"யக்கா! ஃபைபர் கட்டாமே? நம்ம ரோட்டுல யாரும் பள்ளமே தோண்டலியே, நான் இப்பதான் கடைக்குப் போய்ட்டு வந்தேன்."

கோதை ஷாரோனைப் பார்த்தாள். ஷாரோன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"பள்ளமும் இல்ல, கட்டும் இல்ல. உன் லைன்ல ஒரு கோளாறும் இல்ல. நம்ம ஏரியாவுக்குனு இருக்கற கார்ட எடுத்து ரிசார்ட்டுக்குக் குடுத்துருக்காங்க. அவங்க கார்டு செத்துப்போச்சு. அதுக்கு நம்மள்து."

வைஷாலி மெதுவாகக் கேட்டாள்: "வேணும்னே பண்ணதா?"

"ஆமா. வேணும்னே. நாமதான் கம்ப்ளெய்ன்ட்டே குடுக்கறதில்லையாம்."

போனை வைத்ததும் மறுபடி அடித்தது. ஷாரோன் எடுத்தாள். தண்ணீர் டேங்க் தெருவிலிருந்து ஒரு ரிட்டயர்டு வாத்தியார். அவருக்கும் அதையே சொன்னாள். அடுத்தது ஜெராக்ஸ் கடைக்காரர். அவருக்கும் சொன்னாள். நாலைந்து பேருக்கு அவள் சொல்லி முடிப்பதற்குள், பக்கத்துப் போனில் கோதையின் குரல் கேட்டது: "இல்லைங்க, ஃபைபர் கட் இல்லைங்க. உங்க கார்டை ரிசார்ட்டுக்கு மாத்தி விட்டிருக்காங்க. ஆமாங்க. முதலாளிதாங்க." சொல்லிவிட்டு அவள் ஷாரோன் பக்கம் திரும்பவில்லை. அடுத்த போனை எடுத்தாள். காது மடல் இப்போது சாதாரணமாக இருந்தது.

செய்தி ஜெயகிருஷ்ணனுக்கு எப்படியோ போய்ச் சேர்ந்தது. படி அதிர இறங்கி வந்தார்.

"என்ன பண்ணிட்டிருக்கே நீ?"

"கேக்கறவங்களுக்குப் பதில் சொல்லிட்டிருக்கேன் சார்."

"நான் சொல்லச் சொன்னது வேற."

"அது பொய்யாச்சே சார்."

"சம்பளம் குடுக்கறது நானா அவங்களா?"

"அவங்க கட்டறதுலேருந்துதான் நீங்க குடுக்கறீங்க."

அவர் கழுத்து நரம்பு புடைத்தது. கெட்ட மனிதர் இல்லை. கொரோனா சமயத்தில் ஒருத்தரையும் வேலையை விட்டு அனுப்பாதவர். ஆனால் பல வருஷமாக அவர் சொல்லுக்கு எதிர்ச்சொல் வந்ததில்லை. பழக்கமில்லாத செருப்பு கடிக்கிற மாதிரி அது அவரைக் கடித்தது. "எழுந்து வீட்டுக்குப் போ. நாளையிலேருந்து வரவேண்டாம்."

"வேலையை விட்டு எடுக்கறதுன்னா எடுங்க சார். ஆனா லைன் வராம நான் இங்கேருந்து எழுந்திரிக்க மாட்டேன்."

அவர் பதில் சொல்வதற்குள் வாசலில் ஷேர் ஆட்டோ வந்து நின்றது. முதலில் இறங்கியது ஷாரோனின் அம்மா பாப்பா. ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருப்பவள், ராத்திரி ஷிப்டுக்குக் கட்டிய நீலப் புடவையோடு அப்படியே வந்திருந்தாள். கக்கத்தில் வீட்டு மோடம். அதன் வயர் தரையில் இழுபட, நேராக உள்ளே வந்து கவுண்ட்டர் மேலே மோடத்தை டக்கென்று வைத்தாள்.

"இந்தா. உங்க பொருள நீங்களே வெச்சிக்குங்க. லைனு இல்லாத டப்பா எங்களுக்கு இன்னாத்துக்கு?"

அவளுக்குப் பின்னால் வைஷாலி, அவளுக்குப் பின்னால் டேங்க் தெருப் பெண்கள், ஜெராக்ஸ் கடைக்காரர், இடுப்பில் குழந்தையோடு ஒருத்தி. இன்னொரு ஷேர் ஆட்டோ வந்தது, ஸ்கூட்டிகள் வந்தன. ஒவ்வொருவர் கையிலும் ஒரு மோடம். கவுண்ட்டர் நிறைந்து, தரையிலும் அடுக்க ஆரம்பித்தார்கள். கூச்சல் இல்லை. கோயிலில் காணிக்கை வைப்பது போல வரிசையாக வந்து வைத்துவிட்டு, போகாமல் சுவரோரம் நின்றுகொண்டார்கள்.

ஜெயகிருஷ்ணன் கையைக் காட்டி அமைதிப்படுத்தப் பார்த்தார். அவர்கள் அமைதியாகத்தான் இருந்தார்கள் என்பதால் அந்தக் கை என்ன செய்வதென்று தெரியாமல் கீழே இறங்கியது. "இது டெக்னிக்கல் விஷயம்மா. ஒரு கார்டு ஃபெயில் ஆயிடுச்சு. மெஷின் தானா மாத்திக்கிச்சு. ரெண்டு நாள் பொறுத்துக்கங்க."

"மிஷினு தானா மாத்திச்சா, நீங்க சொல்லி மாத்திச்சா?" என்று கேட்டாள் பாப்பா. "ஆஸ்பத்திரில நான் இத்தினி வருஷம் கீறேன் நைனா. கட்டிலு பத்தலன்னா தரையில பாயப் போடுவோம். படுத்துகினு கீறவன எழுப்பித் தள்ளிட்டு, அந்தக் கட்டில இன்னொருத்தனுக்குக் குடுத்தத நான் பாத்ததில்ல."

"எதுவா இருந்தாலும் ஒரு கம்ப்ளெய்ன்ட் எழுதிக் குடுங்க, நான்…"

"கம்ப்ளெய்ன்ட் குடுக்கலன்னுதான் எங்க கார்ட எடுத்தீங்களாமே சார்?" வைஷாலி மோடக் குவியலைக் காட்டினாள். "தோ, குடுத்துட்டோம். எண்ணிப் பாத்துக்குங்க."

யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு ஜெயகிருஷ்ணனைக் கூச்சலைவிட அதிகமாகக் குத்தியது. "போலீசுக்குப் போன் பண்ண வேண்டியிருக்கும்" என்றார்.

"பண்ணுங்க சார்" என்றாள் கோதை, கவுண்ட்டருக்குள்ளிருந்து. "என்னன்னு சொல்லிப் பண்ணுவீங்க? மோடத்தைத் திருப்பிக் குடுத்துட்டாங்கன்னா?"

ஷாரோன் இதற்குள் வராண்டாவுக்கு வந்து தம்பி ஜான்சனுக்குப் போன் போட்டிருந்தாள். அவளுக்கு அன்றைக்கு எல்லாவற்றிலும் கஷ்டமான வேலை அதுதான். ஜான்சன் அதே ரிசார்ட்டில் மாநாட்டுக் கூடத்தின் மைக், ஸ்கிரீன், வீடியோ எல்லாவற்றையும் பார்த்துக்கொள்பவன். முந்தின நாள்தான் மேனேஜர் தன்னை நம்பி இதை ஒப்படைத்திருக்கிறார் என்று வீட்டில் சொல்லிச் சொல்லிப் பூரித்திருந்தான்.

"ஜான்சா, நான் அந்தக் கார்ட திருப்பி நம்ம ஏரியாவுக்கே போடப்போறேன். உங்க ஹால்ல லைன் கட்டாவும்."

"யக்கா, இன்னா வெளாடறியா? மேடையில ஆளு பேசிகினு கீறான்! ஜெர்மனிலேருந்து ஒருத்தன் ஸ்கிரீன்ல குந்திகினு கீறான்!"

"உங்ககிட்ட இன்னொரு கம்பெனி லைன் கீதுல்ல?"

"கீது. ஸ்லோ. படம் விட்டு விட்டு வரும். அவங்க துட்டு குடுத்தது அதுக்கில்ல."

"சாப்பாட்டுக்கு எப்ப உடுவாங்க?"

"தோ, இப்ப உட்ருவாங்க. ஏன்?"

"அவங்க சாப்புட்டு வர்றதுக்குள்ள அந்த லைனுக்கு மாத்திடு. அப்பதான் நான் இங்க கை வெப்பேன். உனக்கு அது வரைக்கும் டைம் தர்றேன்."

"என் தலையிலதான் விடியும். உனக்குப் புரியுதா? மேனேஜரு என்னத்தான் கேப்பாரு. உன்ன இல்ல."

"புரியுது." ஆனாலும் சொல்ல வந்ததைச் சொன்னாள். "உங்களுக்கு ரெண்டு லைன் கீது ஜான்சா. ஒண்ணு போனா இன்னொண்ணு. நம்ம தெருவுக்கு ஒண்ணுதான். அதயும் பிடுங்கி உங்களுக்கு மூணாவதா வெச்சிருக்காங்க. நம்ம வூட்லயும் லைன் இல்ல. அம்மா இங்க வந்து நிக்குது."

"அம்மாவா? அது எதுக்கு அங்க வந்துச்சு?"

"மோடத்த கழட்டி எடுத்துகினு வந்து முதலாளி முன்னால வெச்சிடுச்சு."

"பேஜாரு புடிச்ச குடும்பம்" என்று சொல்லிவிட்டு ஜான்சன் போனை வைத்துவிட்டான். மாற்றுவானா மாட்டானா என்று சொல்லவில்லை.

ஷாரோன் படியேறினாள். பின்னாலேயே ஜெயகிருஷ்ணனும் ஏறினார். "ராகவன்! அவளை உள்ளே விடாதீங்க!" என்று படியிலிருந்தே கத்தினார்.

மெஷின் ரூமில் வெங்கடராகவன் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். கீழே நடந்ததெல்லாம் அவருக்குக் கேட்டிருக்க வேண்டும். ஷாரோன் வாசலில் நின்றதும் எழுந்தார். நாற்காலியை அவள் பக்கமாகத் தள்ளினார்.

"உக்காரும்மா."

"என் பேர்லயே லாகின் பண்ணி அந்தக் கமாண்டை எடுத்துடறேன் சார். யார் எடுத்தாங்கன்னு சந்தேகமே இருக்கக் கூடாது."

அவர் நடந்து போய் வாசல்படியில் நின்றுகொண்டார். ஒல்லியான மனிதர். ஜெயகிருஷ்ணன் ஒரு தோளால் இடித்தாலே விலகிவிடக் கூடியவர்.

"ஓரமாப் போங்க ராகவன்."

"இல்லை சார்."

"என்னது?"

"இல்லைன்னேன் சார். போகப்போறதில்லை." சொன்னவருக்கே தன் குரல் வியப்பாக இருந்திருக்கும். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். அங்கேயே நின்றார்.

ஷாரோன் கமாண்டைத் தயாராக எழுதி வைத்துவிட்டு, பட்டன் மேல் விரலை வைத்துக்கொண்டு போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஜான்சன் மாற்றாமல் விட்டால் என்ன செய்வது என்று தன்னையே கேட்டாள். மாற்றாவிட்டாலும் செய்யத்தான் போகிறோம் என்று அவளுக்குத் தெரிந்தது. கூடப்பிறந்தவன் பிழைப்பு. ஆனாலும் விரலை எடுக்க மனசு வரவில்லை.

போன் ஒளிர்ந்தது. ஒரே வார்த்தை. 'மாத்திட்டேன்.'

அழுத்தினாள். ஐந்தாம் கார்டின் விளக்குகள் அணைந்து எரிந்தன. திரையில் அந்தோணியார் நகர் பச்சையாகும் என்று ராகவன் எட்டிப் பார்த்தார். கோயில் தெருவில் ஒன்றிரண்டு பச்சை. மற்றதெல்லாம் சிவப்பாகவே இருந்தது.

"வரலையே?" என்றார் பதறிப்போய்.

ஷாரோனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "மோடம் எல்லாம் கீழ கவுண்ட்டர்ல கெடக்குது சார்."

கீழே போய், "லைன் வந்துடுச்சு, எடுத்துகினு போய் மாட்டுங்க" என்று சொன்ன பிறகுதான் உண்மையான அமளி ஆரம்பித்தது. எல்லாம் ஒரே கறுப்பு, ஒரே அளவு. எது யாருடையது? பாப்பா ஒன்றை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டு, இதுதான் எங்கள்து என்று சாதித்தாள். ஜெராக்ஸ் கடைக்காரர் இல்லை, அது என்னுது என்றார். கோதை ஒவ்வொன்றாகத் திருப்பி அடியில் ஒட்டியிருந்த நம்பரைக் கம்ப்யூட்டரில் தட்டிப் பெயரைக் கூப்பிட்டாள். ரேஷன் கடை மாதிரி வரிசை நின்றது. ஜெயகிருஷ்ணன் மாடிப்படியில் நின்று அதையெல்லாம் பார்த்தார். யாரும் அவரை நிமிர்ந்து பார்க்கவில்லை.

மத்தியானம் மாநாட்டில் ஜெர்மன்காரர் பாதிப் பேச்சில் வாயைத் திறந்தபடி உறைந்து உறைந்து நின்றார். ரிசார்ட் மேனேஜர் ஜெயகிருஷ்ணனைப் போனில் கிழித்தார். சாயங்காலம் ஜெயகிருஷ்ணன் ஷாரோனைக் கூப்பிட்டு, காலையில் சொன்னதையே நிதானமாக மறுபடி சொன்னார். அவள் அடையாள அட்டையைக் கழுத்திலிருந்து கழற்றி மேஜை மேல் வைத்துவிட்டு, வணக்கம் சொல்லிவிட்டு வந்தாள். ஜான்சனை அடுத்த நாள் கூடத்துக்குள்ளேயே விடவில்லை. புல்வெளி விருந்துக்கு ஸ்பீக்கர் தூக்க விட்டார்கள். வீட்டுக்கு வந்தவன் அக்காவோடு பேசவில்லை. அவள் போட்ட சாப்பாட்டைச் சாப்பிட்டான், தட்டை அவனே கழுவி வைத்தான், படுத்துவிட்டான். பல நாள் அப்படியே போனது. அவன் கோபம் நியாயமானது என்று ஷாரோனுக்குத் தெரிந்தே இருந்தது. மன்னிப்புக் கேட்டாள், ஆனால் செய்தது தப்பு என்று சொல்லவில்லை. அவனும் அதைக் கேட்கவில்லை.

வைஷாலி பரீட்சை எழுதினாள். முடிவு வந்த அன்று தெருவில் நின்றபடியே ஷாரோனைக் கூப்பிட்டாள்.

"யக்கா, பெயிலு!"

ஷாரோனுக்குப் பக்கென்றது. "லைன் கட்டாச்சா?"

"ஒரு தபா கூட கட்டாவல. நானே பெயிலானேன்! எலும்பு சம்பந்தமான கேள்வில மொத்தமா கவுந்துட்டேன்." அவள் சிரித்தாள். "அடுத்த தபா எழுதுவேன். இது என் பெயிலுக்கா, எவனும் குடுத்ததில்ல."

கம்பெனியில் இதற்குள் வேறொரு வேடிக்கை நடந்துகொண்டிருந்தது. ரிசார்ட்டுக்காரர்கள் தங்களுக்கென்று ஒரு தனிக் கார்டும் அதற்கு ஒரு மாற்றும் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்து வாங்க வைத்திருந்தார்கள். ஆனால் ஸ்டெப்னி அதன் இடத்துக்குத் திரும்பாமல் வில்லாக்களுக்கே வேலை பார்த்தது. ஐந்தாம் கார்டைப் பிடுங்கும் அந்தப் பழைய கமாண்டை ஜெயகிருஷ்ணன் மறுபடி எழுதச் சொன்னபோது வெங்கடராகவன் மறுபடியும் இல்லை என்றார். ஒரு தடவை சொல்லிப் பழகிவிட்டால் அப்புறம் அது சுலபமாக வருகிறது போலிருக்கிறது. அந்தோணியார் நகரோ தினமும் போன் செய்தது. லைன் நன்றாக இருந்தாலும் செய்தது. காலையில் டேங்க் தெரு, பத்து மணிக்கு வாத்தியார், மத்தியானம் வைஷாலி. எல்லாருக்கும் ஒரே கேள்வி: "எங்க கார்டு எங்ககிட்டதான் கீதா?" கோதை ஒவ்வொன்றையும் கம்ப்ளெய்ன்ட் என்றே பதிந்தாள். மாதக் கடைசி ரிப்போர்ட்டில் ஐந்தாம் கார்டு எல்லாரையும் முந்திக்கொண்டு முதலில் நின்றது.

ஜெயகிருஷ்ணன் போன் செய்தார்.

"உங்க ஆளுங்க போன் பண்ணியே என்னைக் கொன்னுடுவாங்க போலிருக்கு. திரும்பி வா."

"ஸ்டெப்னி அதோட எடத்துக்குப் போவணும் சார். யார் விழுந்தாலும் தாங்கறதுக்கு. ஒருத்தருக்குன்னு எழுதக் கூடாது."

"சரி."

"கவுண்ட்டர்ல யாரையும் பொய் சொல்லச் சொல்லக் கூடாது."

"அது பார்க்கலாம்."

"பார்க்கலாம்னா நான் வரல சார்." போனை வைத்துவிட்டு ஷாரோன் அடுப்பில் இருந்த குழம்பைக் கிளறப் போனாள். வேலை இல்லாத மாதம் எப்படி இருக்கும் என்று அவளுக்கு அதற்குள் தெரிந்திருந்தது. மூன்றாம் நாள் அவரே மறுபடி கூப்பிட்டு, "பொய்யும் கிடையாது. போதுமா? நாளைக்கு வந்து சேரு" என்று எரிச்சலோடு சொன்னார்.

ஜான்சன் அன்றைக்குத்தான் முதல் தடவையாக வாயைத் திறந்தான். "போறியா?"

"போறேன்."

"மறுபடி எங்க லைன கட் பண்ணுவியா?"

"உங்களுக்குனு தனியா இப்ப ஒரு மாத்துக் கார்டு கீதே, எதுக்குக் கட் பண்ணப்போறேன்? அதுவும் சேந்து செத்துச்சுன்னா வெயிட் பண்ணுங்க. எங்கள்த எடுக்க உட மாட்டேன்."

"நீ திருந்த மாட்ட" என்றான். ஆனால் காலையில் அவளை பைக்கில் கொண்டு வந்து கம்பெனி வாசலில் இறக்கிவிட்டதும் அவன்தான்.

மெஷின் ரூமில் ராகவன் காபி வாங்கி வைத்திருந்தார். ஸ்டெப்னி கடைசி இடத்தில், யாருக்கும் சொந்தமில்லாமல், விளக்கு மட்டும் எரிந்துகொண்டு சும்மா உட்கார்ந்திருந்தது. ஷாரோன் ஒவ்வொரு கார்டாகப் பார்த்து முடிப்பதற்குள் கீழேயிருந்து கோதை அழைப்பை மாற்றி விட்டாள்.

"அந்தோணியார் நகர்லேருந்து பாப்பா பேசறேன். எங்க கார்டு கீதா?"

"அம்மா, நான்தான். இப்பதானே வூட்லேருந்து வந்தேன்?"

"நீயா இருந்தா இன்னா, யாரா இருந்தா இன்னா? கேட்டதுக்குப் பதில் சொல்லு. கீதா?"

"கீது."

"சரி. நாளைக்கும் கேப்பேன்" என்றாள் பாப்பா.